ஐஸ் பெட்டி அஞ்சலின்

பூவரசங்குளத்துக் கரையில் அஞ்சலின் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். ஒரு கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருக்கிறது. வாயில் பேனா மூடி. குளிக்க வந்த இரண்டு எருமைகள் இறங்குவதா வேண்டாமா என்று அவள் தலைமாட்டில் நிற்கின்றன. "கொஞ்சம் பொறுங்கடி, கலக்கிராதீங்க" என்கிறாள் பல்லுக்கு நடுவிலிருந்து. எருமைகள் பொறுக்கின்றன. என் பேச்சுக்கு இந்த வட்டாரமே கட்டுப்படும். ஆனாலும் ஓர் எருமையை நான் இப்படி நிறுத்தியதில்லை.

அவள் வயிற்றுக்குக் கீழே விரித்திருப்பது பத்தமடைப் பாய். கல்யாணப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பெயர் போட்டு நெய்து வாங்குகிற சாமான். கறை பட்டுக் கழித்த துண்டு ஒன்று எங்கோ கிடைத்திருக்கிறது. பட்டுப்போல வழுக்குகிற அந்தப் பாயைச் சேற்றில் போட்டு, அதன்மேல் படுத்துப் பாசித் தண்ணீர் பிடிக்கிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் பார்க்காத ஊர் இல்லை.

பாட்டில் நிறைந்ததும் எழுந்து உட்கார்ந்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். கடைந்த கீரை மாதிரி பச்சை. நகைக்கடையில் கல் பார்க்கிறவன் முகத்தில் வருமே ஒரு கவனம், அது அவள் முகத்தில் வரும். மூடியை அழுத்தித் திருகுவாள். சீட்டு ஒட்டுவாள். எழுதுவாள். பிறகு ஸ்கூட்டரின் பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியைத் திறந்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி உள்ளே வைப்பாள்.

அந்தப் பெட்டிதான் அவளுக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தது. நீல நிறத்தில் ஒரு பெரிய மீன் பெட்டி. அப்பாவின் வள்ளத்தில் இருந்ததாம். மூடியில் 'சகாய மாதா' என்று வள்ளத்தின் பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது. உவரிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. படித்துப் படித்து, பல்கலைக்கழகத்தில் பச்சைத் தண்ணீர் ஆராய்ச்சிக்கு வந்து, தச்சநல்லூரில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறாள். காலையில் அந்தப் பெட்டியோடு தெருவில் இறங்கினால் வீட்டுக்கு வீடு பெண்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"ஏட்டி, இன்னைக்கு என்ன மீனு? சாளை இருக்கா?"

"மீன் இல்லக்கா. பச்சைத் தண்ணிதான் இருக்கு."

"அதுக்கா இம்புட்டு ஐஸு?"

முதலில் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிப் பார்த்தாளாம். இப்போதெல்லாம் "தீந்து போச்சுக்கா, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கிவிடுகிறாள்.

நான் இந்தக் குளத்தின் மீன் குத்தகைக்காரன். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என் காதைத் திருகினார். கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது, சுற்றுச்சுவருக்கு நன்கொடை கொடுத்து மாலை வாங்கிக்கொள்ளத்தான். கூடையில் மீன் சுமந்தவன் இன்று கல்யாண மண்டபம் வைத்திருக்கிறேன். ஆளை ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவேன். இதை எழுதுவதும் நானே. எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

அப்படிப்பட்ட நான் அஞ்சலினை முதன்முதலில் பார்த்தபோது எடை தப்பிப் போனது. ஐஸ் பெட்டி, தண்ணீருக்குள் கை. வேறென்ன நினைப்பேன்?

"ஏ பிள்ள! மீன் திருட வந்தியா?"

"இல்ல அண்ணாச்சி. பாக்டீரியா எடுக்க வந்தேன்."

"அது எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

"கண்ணுக்கே தெரியாது அண்ணாச்சி."

"அப்ப எடுத்துக்கோ" என்றேன். கண்ணுக்குத் தெரியாததற்கெல்லாம் நான் கணக்குப் பார்க்கிறவன் இல்லை.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் வருகிறாள். வந்தவள் குளத்தோடு நிற்பதில்லை. ஈரம் கண்ட இடமெல்லாம் அவளுக்குப் பாட்டில் திறக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் பெருமாள்ராஜ் டீக்கடை வைத்திருக்கிறான். அவன் கடைத் தொட்டியின் உள்சுவரைச் சுரண்டி எடுத்துப் போனாள். அன்றிலிருந்து அவனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. கோயில் தெப்பத்தில் எடுத்தாள். வாய்க்கால் மடையில் எடுத்தாள். என் வீட்டு மாடியில் காக்காய்க்கு வைத்திருக்கிற மண் சட்டியைக்கூட விடவில்லை. என் வீட்டுக்காரி பேச்சித்தாய் மோர் கொடுத்தபோது டம்ளரைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அதயும் பாட்டில்ல ஊத்திராத தாயி, குடி" என்றாள் பேச்சித்தாய்.

அவளிடம் இரண்டு வாசகங்கள் உண்டு. யாராவது "பாசி" என்று வாயைத் திறந்தால் போதும், "பாசி இல்ல, பாக்டீரியா" என்பாள். டீக்கடையில் சொல்வாள், பஸ்ஸில் சொல்வாள், கோயில் பூசாரியிடமும் சொன்னாள். இரண்டாவது வாசகம்தான் என் உயிரை வாங்கியது. "சொல்ல முடியாது அண்ணாச்சி."

நான் ஆம், இல்லை என்ற இரண்டு வார்த்தையில் வியாபாரம் பண்ணி முன்னுக்கு வந்தவன். அவளிடம் "மழை வருமா?" என்று கேளுங்கள், மேகத்தைப் பார்ப்பாள், காற்றைப் பார்ப்பாள், "சொல்ல முடியாது" என்பாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் மட்டும் உடனே பதில் வரும். அதுவும் "இல்ல" என்றுதான் வரும்.

இந்தப் பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கியதும் குளம் முழுக்கப் பச்சையாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் கரையோரம் கொஞ்சம் படரும். இந்தத் தடவை பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஏடு கட்டிக் கிடந்தது. தண்ணீர் வற்ற வற்ற வலை இழுக்க வேண்டிய நேரம் அது. கார்த்திகையில் குஞ்சு விட்டு, தீனி போட்டு, கொக்கு விரட்டி வளர்த்த கட்லாவும் ரோகுவும் உள்ளே கிடக்கின்றன. இப்போது பிடித்து விற்காவிட்டால் தண்ணீர் வற்றிச் சேற்றிலேயே செத்து நாறும்.

"இது விஷமா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லு" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது அண்ணாச்சி."

"இத்தன நாளா படுத்துக் கெடந்து என்னத்தப் பாத்த?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பாயில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். மற்றவர்களுக்குச் சொல்லியிருந்தால் புரிந்திருக்காது, எனக்குப் புரிந்தது. இந்தப் பச்சை முழுக்க ஒரே சாதிப் பாக்டீரியாதான். பெரிய கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலும் எல்லாம் ஒரே முகம். ஆனால் சிலதற்கு விஷம் தயார் பண்ணுகிற ஜீன் இருக்கும், சிலதற்கு இருக்காது. பக்கத்தில் பக்கத்திலேயே மிதக்கும். பார்வையில் பிரிக்க முடியாது.

"எங்க வீட்டையே எடுத்துக்கிடுங்க" என்றாள். "எங்க தாத்தா சிலுவை இருக்காரு. எந்நேரமும் கத்துவாரு, வெட்டிருவேன் குத்திருவேன்னு தெருவையே கூட்டுவாரு. கையில ஒரு பிளேடு கெடையாது. அதே மூக்கு, அதே முழியோட எங்க லூசி அத்தை இருக்கா. வாயே தொறக்க மாட்டா. ஆனா இடுப்புல எப்பவும் மீன் வெட்டுத கத்தி. ரெண்டு பேரையும் நிறுத்தி வச்சு மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க பாப்போம், யார்ட்ட கத்தி இருக்குன்னு?"

"சோதனை போட்டுப் பாக்க வேண்டியதுதான்."

"அதத்தான் செய்யுதேன் அண்ணாச்சி. அதுலயும் பாருங்க, லூசி அத்தை கத்தி வச்சிருக்கான்னா தெனமும் எடுப்பான்னு அர்த்தமில்ல. எடுத்தாளா இல்லியாங்கறதத் தனியாப் பாக்கணும்."

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாக்டீரியாக்களுக்கு எண் போட்டுத்தான் வைப்பார்களாம். அஞ்சலினுக்கு எண் மனதில் நிற்பதில்லை. விஷ ஜீன் இல்லாததற்குச் சிலுவை என்றும், இருப்பதற்கு லூசி என்றும் பெயர் வைத்திருக்கிறாள். "அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரிஞ்சா கத்திய எடுத்துருவா" என்றாள். என் பெயரையும் எதற்காவது வைக்கலாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். இந்தக் குளத்துக்காரன் பெயர் உலகத்துக்குத் தெரிந்தால் நல்லதுதானே. அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யோசித்தாள் போலிருக்கிறது.

எனக்குப் பொறுமை குறைவு. மறுநாள் ஒரு மூட்டை மயில்துத்தம் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். அதைக் கரைத்து ஊற்றினால் பச்சை ஒரே நாளில் செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். மூட்டையை இறக்கி வைத்து வாயைக் கத்தியால் அறுக்கப் போனேன். அஞ்சலின் ஓடிவந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்தி பிள்ள."

"மாட்டேன் அண்ணாச்சி. லூசி உயிரோட இருந்தா விஷம் அவ வயித்துக்குள்ள இருக்கும். கொன்னீயன்னா அம்புட்டையும் தண்ணில கக்கிட்டுப் போவா. ஒரே நாள்ல குளம் பூரா விஷமாயிரும்."

"அது லூசி இல்ல, சிலுவைன்னா?"

"சிலுவைன்னா கொல்ல வேண்டிய தேவையே இல்லல்லா."

நான் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன், எவ்வளவு நேரம்தான் இருப்பாள் பார்ப்போம் என்று. வெயில் ஏறியது. அவள் பாயை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டாள். எருமைகள் வந்து குளித்துவிட்டுத் திரும்பின. கடைசியில் பேச்சித்தாய் வந்து, "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையளா? சோறு ஆறுது, வாங்க" என்று சத்தம் போட்டாள். நான் எழுந்த பிறகுதான் அஞ்சலின் எழுந்தாள். மூட்டையை நானே ஆட்டோவில் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். என் வாழ்நாளில் இறக்கிய சரக்கைத் திருப்பி அனுப்பியது அது ஒன்றுதான்.

அந்தச் சாப்பாட்டில்தான் வினை வந்தது.

பேச்சித்தாய் அன்று கட்லா குழம்பு வைத்திருந்தாள். பச்சை படர்வதற்கு முன்னால் பிடித்துத் தொட்டியில் விட்டிருந்த மீன். மாங்காய் போட்டுத் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு. அவள் குழம்பை ஒருவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏதோ காரியமாக வந்த பெருமாள்ராஜும் எங்களோடு இலையில் உட்கார்ந்தான். அஞ்சலின் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். டீ குடிப்பதானாலும் அவளுக்கு அது உண்டு. பேச்சித்தாய் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து அவள் இலையில் வைத்தாள்.

அவள் அந்தத் துண்டைச் சுண்டுவிரலால் மெதுவாக இலையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். ரசம் வாங்கினாள். மோர் வாங்கினாள். இலையை மூடும்போது துண்டு வைத்தபடியே இருந்தது. பெருமாள்ராஜ் மட்டும் அந்தத் துண்டையே பார்த்தான். பிறகு தன் இலையில் இருந்ததைப் பார்த்தான். பிறகு அவனும் ரசம் வாங்கினான்.

சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடையைத் தாண்டிவிட்டது. மறுநாள் காலையில் சதாம் வந்து நின்றான். என் மீனை மொத்தமாக எடுத்துச் சேரன்மகாதேவிச் சந்தையில் விற்கிற வியாபாரி. சிரித்த முகத்துக்காரன், அன்று சிரிப்பே இல்லை.

"அண்ணாச்சி, பூவரசங்குளத்து மீனுன்னு சொன்னாலே ஆளுவ பத்தடி தள்ளிப் போறாவ. தொட்டி மீனுன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்காவ."

"நீ தின்னு காட்ட வேண்டியதுதானல?"

"தின்னேன் அண்ணாச்சி! சந்தை நடுவுல நின்னு பொரிச்ச மீன முழுசாத் தின்னேன். 'நீ யாவாரி, தின்னத்தான் செய்வ. அந்த ஐஸ் பெட்டிப் பிள்ள தின்னுச்சா, அதச் சொல்லு'ங்காவ."

எனக்குத் தலை சூடேறிவிட்டது. நேரே குளத்துக்குப் போனேன். அவள் வழக்கம்போலக் குப்புறக் கிடந்தாள்.

"ஏ பிள்ள, எந்திரி. விஷம்னு தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லியிருக்கணும். என் வீட்டு எலையில வச்சு எனக்கே குழி தோண்டிட்டியே."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லி முடித்ததும் காது வரை சிவந்துபோனாள். பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதீய. விஷம்னு நான் நெனைக்கவே இல்ல. எங்க ஊர்ல குளத்து மீன் யாரும் திங்க மாட்டாவ. எங்களுக்குச் சேத்து வாடை அடிக்கும். மதினி ஆசையா வச்சாவ, வாயத் தொறந்து சொல்லவும் முடியல, உள்ள தள்ளவும் முடியல."

விஷம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்த்த மீன்! திருநெல்வேலி டவுனிலிருந்து கார் போட்டு வந்து வாங்கிப் போகிற மீன்! சேற்று வாடையாம்.

"ஒங்க கடல்ல மட்டும் என்ன பன்னீரா ஓடுது?" என்று கேட்டேன்.

"கடல் மீனுக்கு வாடையே கெடையாது அண்ணாச்சி" என்றாள், சத்தியமாக நம்பிக்கொண்டு. ஐஸ் பெட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தப் பெட்டி வருகிற வாடை எனக்கு வளைவிலேயே தெரிந்துவிடும்.

"சரி, போனது போகட்டும். இப்பவே வா. டீக்கடை முன்னால நின்னு ஒரு துண்டு தின்னு காட்டு. எல்லாம் சரியாப் போவும்."

அவள் தலையை ஆட்டினாள். "இப்பத் திங்க மாட்டேன் அண்ணாச்சி."

"வாடைக்காகவா?"

"இல்ல. நான் தின்னா, நல்லதுன்னு சொன்ன மாதிரி. அது நல்லதா கெட்டதான்னு எனக்கே இன்னும் தெரியல. மெஷின் சொல்லட்டும். நல்லதுன்னு வந்தா மூக்கப் பொத்திக்கிட்டாவது திங்கேன். கெட்டதுன்னு வந்தா ஒங்க வாசல்ல வந்து நான்தான் மொதல்ல சொல்லுவேன்."

அன்றே குளத்தின் நாலு பக்கமும் தண்ணீர் பிடித்தாள். சதாமை வலை வீசச் சொல்லி மீனும் கேட்டாள். ஒரு கட்லாவைக் கையில் வாங்கி, கரையிலேயே உட்கார்ந்து, ஈரல் ஒரு பாட்டில், குடல் ஒரு பாட்டில், சதை ஒரு பாட்டில் என்று அவள் பிரித்த வேகத்தைப் பார்த்துச் சதாமே வாயைப் பிளந்தான். லூசி அத்தையின் கத்தி எந்தக் குடும்பத்துக் கத்தி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்கள் என் எதிரிக்கும் வர வேண்டாம். தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. கொக்குகள் இரை எடுக்கத் தோதாக வரிசையாக நின்றன. நான் தினமும் போன் போட்டேன். அந்த மெஷின் ஜீன் துண்டை எடுத்து லட்சக்கணக்கில் ஜெராக்ஸ் எடுக்குமாம், அப்போதுதான் இருக்கிறதா இல்லையா என்று கோடு தெரியுமாம். ஒருநாள், "கரண்ட் போயிட்டு அண்ணாச்சி, மொதல்லருந்து ஓட்டணும்" என்றாள். கரண்ட்தானே பிரச்சினை? என் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை மினி லாரியில் ஏற்றிப் பல்கலைக்கழக வாசலுக்கு அனுப்பிவைத்தேன். காவலாளி உள்ளே விடவில்லை. யாருடைய ஜெனரேட்டர் என்று டிரைவர் சொல்லியும் விடவில்லை. படித்தவர்கள் இடத்தில் ஆள் மதிப்பு அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் கரையில் இருந்தேன். சதாமும் தராசோடு வந்திருந்தான். சொல்லிவைத்த மாதிரி ஊரே கூடிவிட்டது; முன்வரிசையில் பெருமாள்ராஜ், டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு.

அஞ்சலின் இறங்கினாள். தூங்காத கண். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. "மடைப் பக்கமும் கெழக்கும் வடக்கும் பூரா சிலுவைதான் அண்ணாச்சி" என்றாள். "மேக்கு மூலைல மட்டும் லூசி கலந்து நிக்கா. தண்ணியிலயும் அங்கனதான் கொஞ்சம் விஷம் இருக்கு."

கூட்டத்தில் ஒரு கிழவி பதறினாள். "யாரும்மா அந்த லூசி? அந்தப் பொம்பள மேக்கு மூலைல என்ன செய்யுதா?"

"அது பாசி பேரு ஆத்தா" என்றேன் நான்.

"பாசி இல்ல, பாக்டீரியா" என்றாள் அஞ்சலின். தூங்காவிட்டாலும் அதை விட மாட்டாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். மேற்கு மூலையை ஓலைத் தட்டி வைத்து அடைக்க வேண்டும்; மாடு இறங்கக் கூடாது, பிள்ளைகள் குளிக்கக் கூடாது, தண்ணீர் எடுக்கக் கூடாது. பச்சை அடங்கும் வரை வாரா வாரம் பார்ப்பாள். மீன் சதையில் ஒன்றும் இல்லை. குடலையும் ஈரலையும் எடுத்துப் போட்டுவிட்டுத் தின்னலாம்.

எல்லாரும் கேட்டார்கள். ஒருவரும் தராசுப் பக்கம் நகரவில்லை.

"வாயால சொல்லுதது யாரும் சொல்லலாம்வே" என்றான் பெருமாள்ராஜ். "அன்னைக்கு எலையில ஒதுக்குனத நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். நீ தின்னு காட்டு தாயி."

அஞ்சலின் என்னைப் பார்த்தாள். நான் பேச்சித்தாயைத் தேடினேன். அவள் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் வலையில் வந்த மீன் குழம்பாகியிருந்தது, தூக்குவாளியில் கொண்டுவந்தாள்.

"கொடல், ஈரல் எல்லாம் எடுத்துட்டீயளா மதினி?"

"நான் என்ன நேத்தா சமைக்க வந்தேன்?"

தட்டை வைக்க இடமில்லை. ஐஸ் பெட்டியின் மூடிமேல், சகாய மாதாவுக்குமேல் வைத்தார்கள். அஞ்சலின் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கை கழுவினாள். "ஐயா, செல்போன மட்டும் உள்ள வச்சிருங்க, வீடியோ எடுக்காதீய. எங்க அம்மை பாத்தா வீட்டுல ஏத்த மாட்டா" என்றாள். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கூட்டம் சட்டென்று இரண்டடி பின்னால் போனது.

"ஏ, சாமி கும்பிடுதா வே! என்னமோ இருக்கு!" என்று கத்தினான் பெருமாள்ராஜ். யாரோ ஒருவன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவைப்போமா என்று கேட்டான்.

"ஏலே, ஒன் கடை டீக்கே அவ கும்பிட்டுட்டுத்தாம்லே குடிக்கா!" என்றேன். அவன் டீயைக் குடித்தவர்களுக்கு அந்தக் கும்பிடு எதற்கென்று தெரியும்.

அவள் ஒரு துண்டை எடுத்தாள். பெரிய துண்டு. பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடவில்லை. ஒரே வாயாகப் போட்டாள். கண்ணை மூடினாள். கடற்கரைக்காரி இல்லையா, முள்ளுக்கு விரல் தேவைப்படவில்லை; வாயோரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சுத்தமாக வெளியே வந்தன. விழுங்கும்போது தோள் ஒருமுறை உலுக்கியது. கண்ணோரத்தில் நீர். தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"குழம்பு நல்லாருக்கு மதினி" என்றாள். மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

அவள் விழுவாளா என்று ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் விழவில்லை. பெருமாள்ராஜ் கிட்டே வந்து, மெதுவாக, உண்மையான பயத்தோடு கேட்டான். "ஒண்ணும் செய்யாதுல்லா தாயி?"

அவள் வாயைத் திறந்தாள். 'சொ' என்று தொடங்குகிற அந்த வடிவம் உதட்டில் வந்துவிட்டது. கார்த்திகையிலிருந்து வளர்த்த அத்தனை மீனும் அந்த உதட்டில் தொங்கின. அவள் என்னைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து, "செய்யாது" என்றாள்.

ஒரே வார்த்தை. அவள் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டது அன்றுதான்.

"மதினி, இன்னொரு துண்டு வைங்க" என்றாள் அதோடு.

"பாருலே, ரெண்டாந் துண்டு கேக்கா!" என்று பெருமாள்ராஜ் கத்தியதுதான் தாமதம், கூட்டம் உடைந்து சதாமின் தராசை மொய்த்தது. எனக்குப் பெரியதாகப் போடு, எனக்கு ரோகு போடு என்று ஒரே இரைச்சல். முதல் ஆளாகப் பை நீட்டியவனும் பெருமாள்ராஜ்தான்.

நான் அந்தப் பக்கம் போகத் திரும்பியவன், அஞ்சலினை ஒருதரம் பார்த்தேன். அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது துண்டு தட்டில் தொடாமல் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்தாள். துண்டை அதற்குள் மெதுவாக நழுவவிட்டு, ஒரு கரண்டி குழம்பும் ஊற்றி, மூடியை அழுத்தித் திருகினாள். பேனா மூடி வாய்க்குப் போனது. சீட்டு எழுதி ஒட்டி, வெயிலுக்கு நேரே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, பச்சைப் பாட்டில்களுக்கு நடுவே ஐஸை ஒதுக்கி அதற்கும் ஓர் இடம் செய்தாள்.